கீ அணிந்தா, அணியாமலா? ஜியு-ஜிட்சு பயில வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

பிரேசிலிய ஜியு-ஜிட்சு வகுப்பில் சேர விசாரிக்கப் போனால் அட்டவணையில் சில நாட்கள் ‘கீ’ என்றும் சில நாட்கள் ‘நோ-கீ’ என்றும் போட்டிருப்பார்கள். இரண்டும் ஒன்றா, வேறா, எதில் சேருவது என்று புதிதாக வருபவர்கள் எல்லோருமே கேட்கிறார்கள். நான் கீ அணிந்து தொடங்கி, பிறகு நோ-கீக்கும் வந்து, இப்போது இரண்டையும் பயில்கிறேன். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

கீ என்றால் என்ன, நோ-கீ என்றால் என்ன?

ஜூடோ வீரர்கள் அணியும் தடித்த பருத்திச் சட்டை, பேண்ட், பெல்ட் மூன்றும் சேர்ந்த உடுப்புதான் கீ. காலர் கயிறுபோலத் திரண்டு கனமாக இருக்கும். எவ்வளவு இழுத்தாலும் கிழியாதபடி நெய்து தைத்திருப்பார்கள். நோ-கீ என்றால் அந்த உடுப்பு இல்லாமல், உடலோடு ஒட்டிய ‘ரேஷ் கார்டு’ என்ற சட்டையும் ஷார்ட்ஸும் போட்டுக்கொண்டு மோதுவது.

கலை ஒன்றுதான். எதிராளியைத் தரைக்குக் கொண்டுபோய், நல்ல நிலையைப் பிடித்து, கழுத்தை நெரித்தோ மூட்டைப் பூட்டியோ அவரை ‘டேப்’ செய்ய வைப்பது, அதாவது கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ள வைப்பது. அதில் மாற்றமில்லை.

அப்படியானால் உண்மையான வித்தியாசம் எது?

பிடி. மற்ற எல்லா வித்தியாசங்களும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

கீ அணிந்தவரின் உடம்பெல்லாம் கைப்பிடி வைத்தது மாதிரி. காலர், சட்டைக் கையின் முனை, முழங்கால் பக்கத்துப் பேண்ட் துணி, பெல்ட், முதுகுத் துணி என்று எங்கு பிடித்தாலும் பிடி நிற்கும். தேர்ந்த கை ஒன்று காலரில் விழுந்துவிட்டால் அது உடும்புப்பிடிதான். அதைப் பிரிக்காமல் அடுத்த காரியம் எதையும் செய்ய முடியாது.

நோ-கீயில் துணியைப் பிடிப்பதே தவறு. மணிக்கட்டு, முழங்கை, பிடரி, அக்குள், இடுப்பு, கணுக்கால் ஆகியவைதான் பிடிக்கக் கிடைக்கும் இடங்கள். அதுவும் ஐந்து நிமிடம் வியர்த்த பிறகு எதிராளி விலாங்கு மீனாக நழுவுவார். விரல்களால் பிடித்து நிறுத்த முடியாது. கையை வளையமாகப் பூட்டி, மார்பை மார்போடு ஒட்டி, உடலையே பிடியாக்க வேண்டும்.

முதல் நோ-கீ வகுப்பில் என் கைகள் இல்லாத சட்டைக் கையைத் தேடிக்கொண்டே இருந்தன. கீயில் நான் நம்பியிருந்த நுட்பங்களில் எத்தனை என்னுடையவை, எத்தனை எதிராளியின் துணியுடையவை என்பது அன்றுதான் விளங்கியது.

ஒரே கலைக்கு இப்படி இரண்டு வழி எப்படி வந்தது?

வேர் ஜப்பானில் இருக்கிறது. ஜிகோரோ கானோ 1882இல் டோக்கியோவில் கோடோகன் பள்ளியைத் தொடங்கி ஜூடோவை உருவாக்கினார். அங்கே பயின்ற மிட்சுயோ மாயெதா, ஊர் ஊராகச் சென்று மோதிவிட்டு 1914இல் பிரேசிலுக்குப் போனார். அவர் வழியாக வந்த கலையைத்தான் கார்லோஸ் கிரேசி, எலியோ கிரேசி சகோதரர்களும் அவர்கள் குடும்பத்தாரும் ரியோ டி ஜெனிரோவில் வளர்த்தார்கள். ஜூடோவிலிருந்து வந்ததால் உடுப்பும் கூடவே வந்தது.

அதே ரியோவில் ‘லூட்டா லிவ்ரே’ என்று கீ இல்லாமல் மோதும் இன்னொரு மரபும் இருந்தது. ஜியு-ஜிட்சுக்காரர்களுக்கும் அவர்களுக்கும் பல ஆண்டுகள் கடும் போட்டி. ஆகவே நோ-கீயை நேற்று முளைத்த புதுமை என்று சொல்ல முடியாது.

ஆனால் உலக அளவில் அதற்கென்று பெரிய மேடை கிடைத்தது 1998இல். அபுதாபியின் ஷேக் தஹ்னூன் பின் சயீத் தொடங்கிய ஏ.டி.சி.சி. போட்டியில் ஜியு-ஜிட்சு, மல்யுத்தம், ரஷ்ய மல்யுத்தமான சாம்போ என்று எல்லாத் தரப்பினரும் கீ இல்லாமல் ஒரே விரிப்பில் மோதினார்கள். கீ போட்டிகளை நடத்திவந்த சர்வதேசக் கூட்டமைப்பான ஐ.பி.ஜே.ஜே.எஃப். 2007இல் தனியாக நோ-கீ உலகப் போட்டியைத் தொடங்கியது.

கழுத்து நெரிப்புகள் எப்படி மாறுகின்றன?

இந்தக் கலையின் அழகு எனக்கு இங்கேதான் தெரிகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நெரிப்பு என்றதும் மூச்சை அடைப்பது என்று பலரும் நினைக்கிறார்கள். நல்ல நெரிப்பு மூச்சுக்குழாயைத் தொடுவதே இல்லை. கழுத்தின் இரு பக்கமும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் நாளங்களை அழுத்துகிறது. சரியாக விழுந்தால் சில விநாடிகளில் மயக்கம் வரும். அதற்குள் டேப் செய்துவிட வேண்டும்.

கீயில் எதிராளியின் காலரே அந்தக் கயிறு. இரு கைகளையும் குறுக்காகக் காலருக்குள் ஆழமாக விட்டு, முழங்கையை விரித்து இழுத்தால் ஒரு பக்கம் மணிக்கட்டும் மறுபக்கம் மணிக்கட்டும் நாளங்களை அழுத்தும். குறுக்குக் காலர் நெரிப்பு என்பது இதுதான். பெரும்பாலும் முதல் மாதத்திலேயே கற்றுத் தந்துவிடுவார்கள். எளிமையானது என்று இதை ஒதுக்கிவிடக் கூடாது. ராஜர் கிரேசி 2009 உலகப் போட்டியில் எதிராளிகளின் மார்பின் மேல் ஏறி அமர்ந்து இந்த ஒரே நெரிப்பால் ஒருவர் பின் ஒருவராக முடித்தார். அவர் என்ன செய்யப்போகிறார் என்று அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்தும் தடுக்க முடியவில்லை.

முதுகிலிருந்து காலரை இழுத்து நெரிக்கும் ‘போ அண்ட் ஆரோ’, தன் சட்டைக் கையையே பிடித்து நெரிக்கும் ‘எசெக்கியேல்’, எதிராளியின் சட்டை ஓரத்தை உருவி அவர் கழுத்தைச் சுற்றியே கொண்டுவருவது என்று கீயில் இந்தப் பட்டியல் நீளமானது.

கீ கழன்றால் இவற்றில் பெரும்பாலானவை போய்விடும். மிஞ்சுபவை கையாலேயே செய்யும் நெரிப்புகள். முதுகிலிருந்து கையைக் கழுத்தைச் சுற்றிப் போடும் ‘ரியர் நேக்கட்’, முன்னாலிருந்து தலையை அக்குளில் அடைக்கும் ‘கில்லட்டின்’, கழுத்தையும் ஒரு கையையும் சேர்த்துப் பிடிக்கும் ‘டார்ஸ்’, ‘அனகோண்டா’, கால்களால் நெரிக்கும் ‘டிரையாங்கிள்’. ரியர் நேக்கட் நெரிப்புக்கு ஜூடோவில் ‘ஹடகா-ஜிமே’ என்று பெயர். ‘ஹடகா’ என்றால் ஜப்பானிய மொழியில் ‘வெறும் உடம்பு’ என்று பொருள். துணி தேவைப்படாத நெரிப்பை அவர்களே பெயரிலேயே பிரித்துக் காட்டியிருக்கிறார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். இந்த இரண்டாவது வகை நெரிப்புகள் எல்லாம் கீயிலும் வேலை செய்யும். முதல் வகை நோ-கீயில் வேலை செய்யாது. பின்னால் இதற்குத் திரும்பி வருகிறேன்.

கீழே மல்லாந்து கிடந்து ஆடும் ‘கார்டு’ நிலை?

கீயில் கீழே இருப்பவர் சட்டைக் கைகள் இரண்டையும் பிடித்து, பாதங்களை எதிராளியின் மேற்கைகளில் ஊன்றி, அவரைத் தூரத்திலேயே நிறுத்திவைக்கலாம். இதற்கு ஸ்பைடர் கார்டு என்று பெயர். லாசோ, டெ லா ரிவா, காலர்-ஸ்லீவ் என்று இதற்கு உறவுக்காரர்கள் நிறைய. மேலே இருப்பவர் பிடியைப் பிரிக்கவே பாதி ஆட்டத்தைச் செலவழிப்பார்.

நோ-கீயில் அந்தத் தூரம் நிற்காது. ஒன்று நெருங்கி ஒட்டிக்கொள்ள வேண்டும், அல்லது கால்களுக்கு அடியில் புகுந்துவிட வேண்டும். ஆகவே இரு பாதங்களையும் எதிராளியின் தொடைகளுக்கு உள்பக்கம் கொக்கியாக மாட்டும் பட்டர்ஃபிளை கார்டு, அவருடைய ஒரு காலைக் கால்களுக்கிடையே பூட்டும் ஹாஃப் கார்டு, அடியில் புகுந்து எதிராளியின் ஒரு காலைத் தன் இரு கால்களாலும் சிறைப்பிடிக்கும் ‘ஆஷி கராமி’ ஆகியவைதான் அதிகம் தென்படும்.

நோ-கீயில் ஏன் எல்லோரும் காலையே குறிவைக்கிறார்கள்?

இரண்டு காரணங்கள். முதலாவது விதி. ஐ.பி.ஜே.ஜே.எஃப். கீ போட்டிகளில் ‘ஹீல் ஹுக்’ எனப்படும் குதிகால் பூட்டு எந்த பெல்ட்டுக்கும் அனுமதியில்லை. நோ-கீயில் பிரவுன், பிளாக் பெல்ட் பெற்ற வயதுவந்தோருக்கு 2021இலிருந்து அனுமதித்தார்கள். ஏ.டி.சி.சி.யில் ஆரம்பத்திலிருந்தே உண்டு.

இரண்டாவது, மேலுடம்பில் பிடிக்கக் காலரும் ஸ்லீவும் இல்லாதபோது கால்களே நம்பகமான பிடியாகிவிடுகின்றன. குதிகால் துருத்திக்கொண்டு நிற்பதால் கை வழுக்கி வெளியே வராது. நியூயார்க்கில் பயிற்சியாளர் ஜான் டனஹரும் அவரிடம் பயின்ற கோர்டன் ரயன், கேரி டோனன் போன்றவர்களும் இதை ஒரு முறையான பாடமாகவே கட்டி எழுப்பினார்கள். 2010களின் நடுவில் அவர்கள் போட்டிகளில் காட்டியதைப் பார்த்த பிறகு, காலைக் கவனிக்காமல் விட்டவர்கள் எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஹீல் ஹுக் விஷயத்தில் கவனமாக இருங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். தொடையை அசையாமல் பூட்டிவிட்டு, குதிகாலை நெம்புகோலாக்கி முழங்காலுக்குக் கீழுள்ள காலைத் திருகுகிறார்கள். சேதம் குதிகாலில் நடப்பதில்லை, முழங்காலின் தசைநார்களில் நடக்கிறது. கைப்பூட்டில் வலி முன்கூட்டியே எச்சரிக்கும். இதில் வலி தெரியும்போது பல நேரம் நார் அறுந்திருக்கும். பூட்டு விழுந்துவிட்டது என்று தெரிந்த கணமே டேப் செய்யுங்கள், வலிக்காகக் காத்திருக்காதீர்கள். போடுபவரும் மெதுவாகத் திருக வேண்டும். புதியவர்கள் ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் இதை முயலவே கூடாது.

எது வேகம், எது கடினம்?

நோ-கீ வேகமானது. நழுவிச் செல்வது எளிது, நிலைகள் சட்டென்று மாறும், ஓய்வெடுக்க இடமில்லை. உடல் வலுவும் துள்ளலும் உள்ள இளைஞர்களுக்குத் தொடக்கத்தில் சாதகமாக இருக்கும்.

கீ மெதுவானது. ஆனால் சுலபம் இல்லை. மோசமான நிலையில் மாட்டிக்கொண்டால் துணியின் உராய்வு உங்களை அங்கேயே ஒட்டிவைத்துவிடும். உருவிக்கொண்டு ஓட முடியாது. இடுப்பை எப்போது நகர்த்துவது, எந்தக் கையை முதலில் விடுவிப்பது என்று ஒவ்வொன்றாக யோசித்துத்தான் வெளியே வர வேண்டும். இந்தப் பொறுமை கீ தரும் பெரிய பயிற்சி. வயதானவர்கள், எடை குறைவானவர்கள் பலர் கீயை விரும்புவதும் இதனால்தான். நல்ல பிடி ஒன்று பெரிய உடம்பின் வேகத்தைக் குறைத்துவிடும்.

நின்றபடி வீழ்த்துவதில் என்ன வேறுபாடு?

கீயில் ஜூடோ கைகொடுக்கும், நோ-கீயில் மல்யுத்தம். காலரும் ஸ்லீவும் இருந்தால் தூக்கி எறியும் வீச்சுகள் வரும். இல்லாதபோது அக்குளுக்கு அடியில் கை நுழைக்கும் அண்டர்ஹுக், பிடரியைப் பிடித்துத் தலையைத் தாழ்த்துவது, ஒற்றைக் காலை வாரும் சிங்கிள் லெக் ஆகியவைதான் அடிப்படை.

குஸ்தி பழகியிருக்கிறேன். எனக்கு எது ஒத்துவரும்?

நோ-கீயில் உங்கள் உடம்பு உடனே ஒத்துப்போகும். வெறும் உடம்பைப் பிடிப்பதும், சமநிலையைக் குலைப்பதும், மேலேயிருந்து எடையைப் போட்டு அழுத்துவதும் உங்களுக்கு ஏற்கெனவே கைவந்தவை. ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் மாற்ற வேண்டும். மல்யுத்தத்தில் முதுகு தரையில் படக்கூடாது என்பதால் ஆபத்து வந்ததும் குப்புறத் திரும்புவீர்கள். ஜியு-ஜிட்சுவில் எதிராளிக்கு முதுகைக் கொடுப்பதுதான் இருப்பதிலேயே பெரிய ஆபத்து. கழுத்து உடனே போய்விடும்.

போட்டியில் மதிப்பெண்கள் வேறா?

ஐ.பி.ஜே.ஜே.எஃப்.பில் இரண்டுக்கும் ஒரே கணக்குதான். வீழ்த்தினால் 2, கீழிருந்து புரட்டி மேலே வந்தால் 2, வயிற்றில் முழங்கால் வைத்தால் 2, கார்டைக் கடந்தால் 3, எதிராளியின் மேல் ஏறி அமரும் மவுண்ட்டுக்கும் முதுகைப் பிடிப்பதற்கும் தலா 4. கீயில் கூடுதலாக உடுப்பையும் அளந்து பார்ப்பார்கள். வெள்ளை, நீலம், கறுப்பு நிறங்கள் மட்டுமே ஏற்கப்படும். எதிராளியின் சட்டைக் கை அல்லது பேண்ட் முனையின் உள்பக்கம் விரலை நுழைத்துப் பிடிக்கக் கூடாது.

ஏ.டி.சி.சி. விதி வேறு மாதிரி. ஆட்டத்தின் முதல் பாதியில் மதிப்பெண்ணே கிடையாது. மதிப்பெண் தொடங்கிய பிறகு தானாக உட்கார்ந்து கார்டுக்குப் போனால் மைனஸ் விழும்.

தற்காப்புக்கு எது உதவும்? தெருவில் யாரும் கீ போட்டுக்கொண்டு வருவதில்லையே?

உண்மைதான். நம் ஊர் வெயிலில் எதிரே நிற்பவர் டி-ஷர்ட்டோ மெல்லிய சட்டையோதான் போட்டிருப்பார். அதன் காலரை நம்பி நெரிக்கப் போனால் துணி கையோடு வந்துவிடும். குளிர்நாடுகளில் கனத்த ஜாக்கெட் அணிபவர்கள் மத்தியில் கணக்கு வேறு.

வரலாற்றில் இரண்டு பக்கத்துக்கும் சாட்சி இருக்கிறது. 1993 நவம்பரில் டென்வரில் நடந்த, பல சண்டைக் கலைஞர்கள் மோதும் யூ.எஃப்.சி.யின் முதல் போட்டியில் ராய்ஸ் கிரேசி கீ அணிந்தே வந்து, ஒரே இரவில் மூன்று பேரை வென்று கோப்பையை எடுத்தார். 2000 மே மாதம் டோக்கியோவில் அதே ராய்ஸ், அதே கீயில், ஜப்பானிய மல்யுத்த வீரர் கசுஷி சகுராபாவை எதிர்கொண்டார். சகுராபா அந்த உடுப்பையே பிடியாக்கிக்கொண்டார். 90 நிமிடம் நீண்ட ஆட்டம், ராய்ஸ் தரப்பு தோல்வியை ஒப்புக்கொண்டு துண்டை வீசியதில் முடிந்தது. நீங்கள் அணிந்திருக்கும் துணி எதிராளிக்கும் கைப்பிடிதான்.

என் கருத்து இது: தற்காப்புக்கு முக்கியம் மேலே நிலைத்து நிற்பதும், கீழே விழுந்தால் எழுந்துவிடுவதும், முடிந்தால் அங்கிருந்து போய்விடுவதும். இந்த மூன்றையும் இரண்டு வகுப்பிலும் கற்கலாம்.

எதில் காயம் அதிகம்?

இரண்டிலும் உண்டு, இடம் வேறு. கீயில் விரல் மூட்டுகள்தான் முதலில் பழுதாகும். துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருப்பதால் காலையில் விரல்கள் மடங்காது. பிடி போய்விட்டது என்று தெரிந்தால் விட்டுவிடப் பழகுங்கள், விரல் பிழைக்கும். நோ-கீயில் முழங்காலும் கணுக்காலும் கவனிக்க வேண்டியவை.

தோல் நோய் இரண்டுக்கும் பொது. படர்தாமரை பயிற்சி விரிப்பிலிருந்து சுலபமாகத் தொற்றும். நகத்தை வெட்டுங்கள், வகுப்பு முடிந்ததும் குளியுங்கள், தோலில் புதிதாக வட்டமாக ஏதாவது தெரிந்தால் ஆறும்வரை வகுப்புக்கு வராதீர்கள். கூட மோதுபவர்களுக்கு நாம் செய்ய வேண்டிய கடமை அது.

என்ன வாங்க வேண்டும்? எப்படித் துவைப்பது?

நோ-கீக்கு ஒரு ரேஷ் கார்டு, பையும் ஜிப்பும் இல்லாத ஒரு ஷார்ட்ஸ் போதும். பையில் விரல் மாட்டினால் விரல் ஒடியும், ஜிப் தோலைக் கிழிக்கும், அதனால்தான் இந்த விதி. டி-ஷர்ட் வேண்டாம், தலைக்கு மேல் சுருண்டுவிடும்.

கீ விலை கூடுதல். கராத்தே உடுப்பு வீட்டில் இருக்கிறதே என்று அதைக் கொண்டுவராதீர்கள், முதல் இழுப்பிலேயே கிழியும். தொடக்கத்தில் மெல்லிய நெசவு கீ வாங்குங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் கனமான கீ வியர்வையைக் குடித்து இன்னும் கனக்கும். பருத்தி என்பதால் வெந்நீரில் போட்டால் சுருங்கும். குளிர்ந்த நீரில் துவைத்து நிழலில் காற்றோட்டமாக உலர்த்துங்கள். மழைக்காலத்தில் காய இரண்டு நாள் ஆகலாம், அப்போது இரண்டாவது கீயின் அருமை தெரியும். துவைக்காத கீயோடு மறுநாள் வராதீர்கள்.

நோ-கீ மட்டும் பயின்றால் பெல்ட் கிடைக்காதா?

கிடைக்கும், பள்ளியைப் பொறுத்தது. எடி பிராவோ 2003 ஏ.டி.சி.சி.யில் ராய்லர் கிரேசியை டிரையாங்கிளால் வீழ்த்தியபோது கறுப்புக்கு ஒரு படி கீழான பிரவுன் பெல்ட்தான். பிறகு அவர் தொடங்கிய ‘டென்த் பிளானெட்’ பள்ளிகளில் நோ-கீ மட்டுமே, ஆனாலும் பெல்ட் முறை உண்டு. சில பள்ளிகளில் கீ வகுப்புக்கு வந்தால்தான் பெல்ட். சேரும்போதே கேட்டுவிடுங்கள்.

சரி, கடைசியில் நான் எதில் தொடங்குவது?

ஆசிரியர் நன்றாகச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு எது, வாரம் இரண்டு மூன்று நாள் தவறாமல் போக முடிகிற நேரம் எது என்று முதலில் பாருங்கள். அது கீ என்றால் கீ, நோ-கீ என்றால் நோ-கீ.

இரண்டும் ஒரே அளவு வசதியாக இருந்தால் இரண்டையும் கலந்து பயிலுங்கள். அதில் ஒரு வழிமுறையைச் சொல்கிறேன். நெரிப்பைப் பற்றிப் பேசும்போது பாதியில் விட்டது இதுதான். உடலைப் பிடிக்கும் பிடிகள் இரண்டு உடையிலும் செல்லும், துணியைப் பிடிக்கும் பிடிகள் ஒன்றில் மட்டுமே செல்லும். மார்செலோ கார்சியா கீயில் ஐந்து முறை உலகப் பட்டமும் ஏ.டி.சி.சி.யில் நான்கு பட்டமும் வென்றவர். கீ அணிந்திருந்தபோதும் அவர் ஆட்டம் அண்டர்ஹுக், பட்டர்ஃபிளை கார்டு, முதுகைப் பிடித்தல், ரியர் நேக்கட் என்று நோ-கீயிலும் அப்படியே செல்லுபடியாகும் நுட்பங்களைச் சுற்றியே இருந்தது. ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போக அவர் பெரிதாக எதையும் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

ஆகவே முதல் ஆண்டில் அடிப்படைகளை அவர் வழியில் கட்டிக்கொள்ளுங்கள். கீ வகுப்பில் காலர் நெரிப்பும் ஸ்பைடர் கார்டும் சொல்லித் தரும்போது ஆசையோடு கற்றுக்கொள்ளுங்கள், அவை அந்த உடுப்பு தரும் செல்வம். கூடவே, வாரத்தில் ஒரு ரவுண்டாவது கீ அணிந்துகொண்டே துணியைத் தொடாமல் ஆடிப் பாருங்கள். எதிராளிக்கு முன்கூட்டியே சொல்லத் தேவையில்லை, அவர் எப்படி வேண்டுமானாலும் பிடிக்கட்டும். எந்த இடத்தில் உங்கள் கை துணியைத் தேடிப் போகிறது என்று குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த வகுப்பில் அந்த இடத்துக்கு என்ன செய்வது என்று ஆசிரியரிடம் கேளுங்கள்.